பக்கவாதம்: இரண்டாம், மூன்றாம் மாதத்தைத்தான் நாம் கோட்டை விடுகிறோமா?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. பக்கவாதத்தில் விழுந்த கைக்கு எந்தக் காலத்தில் பயிற்சி கொடுத்தால் அதிகம் திரும்புகிறது என்பதை அலெக்சாண்டர் டிராமரிக் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். அவருடைய இரண்டு ஆய்வுகளைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அவர் கண்டுபிடித்ததும் நம்ம பக்கத்து வீடுகளில் நடப்பதும் நேர் எதிராக இருக்கின்றன. அதனால் தனி இழையாகவே போடுகிறேன்.

முதல் ஆய்வு 2009-ல் வந்தது, வெக்டர்ஸ் என்று பெயர். 52 பேர். பக்கவாதம் வந்து சராசரியாகப் பத்து நாள்கூட ஆகாதவர்கள். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு விழுந்த கையாலேயே வேலை செய்ய வைக்கும் பயிற்சியை ஒரு குழுவுக்கு மிதமாகவும் இன்னொரு குழுவுக்கு ரொம்பக் கடுமையாகவும் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான பயிற்சி. 90-ஆம் நாள் பார்த்தால், கடுமையாகப் பயிற்சி எடுத்தவர்கள்தான் குறைவாகத் தேறியிருந்தார்கள். ஆரம்பத்திலேயே போட்டு வாட்டினால் நல்லது என்ற நம்பிக்கை அங்கேயே ஆட்டம் கண்டது.

இரண்டாவது 2021-ல் வந்த சிபாஸ் ஆய்வு. 72 பேர். எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதற்கு மேல் 20 மணி நேரம் கூடுதல் கைப்பயிற்சி. ஒரு குழுவுக்கு முதல் 30 நாளுக்குள், ஒரு குழுவுக்கு இரண்டாம் மாதம் முடிந்து மூன்றாம் மாதம் முடிவதற்குள், ஒரு குழுவுக்கு ஆறு மாதம் கழித்து. நான்காவது குழுவுக்குக் கூடுதல் எதுவும் கிடையாது. ஒரு வருடம் கழித்து 57 மதிப்பெண்ணுக்குக் கையைச் சோதித்தார்கள். டம்ளரில் இருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோலிக்குண்டைக் கிள்ளி எடுப்பது, கையை வாய்க்குக் கொண்டுபோவது என்று எல்லாம் அன்றாட வேலைதான். கூடுதல் பயிற்சி இல்லாதவர்களைவிட, 60 முதல் 90 நாளில் பயிற்சி பெற்றவர்கள் கிட்டத்தட்ட 7 மதிப்பெண் அதிகம். முதல் மாதத்தில் பெற்றவர்கள் 5 சொச்சம். ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்களுக்குச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

நம்ம ஊரில் அந்த மூன்றாம் மாதமும் அதற்கு முந்தைய இரண்டாம் மாதமும் எப்படிப் போகிறது? ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் ஒறம்பரை வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அப்புறம் யாராவது ஒருத்தர் எண்ணெய் வைத்தியம் சொல்வார். ஒரு மண்டலம் பத்தியம், கட்டு, படுக்கை. அது முடிவதற்குள் மகனுக்கு லீவு தீர்ந்து பனியன் கம்பெனிக்குத் திரும்பியிருப்பார். தினமும் வந்த பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு ஒரு நாள் ஆகி, நின்றும் போயிருப்பார். மூளை கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் காலம் முழுவதும் ஆசாரத்துக் கட்டிலில் கழிந்துவிடுகிறது. கீழ்பவானி வாய்க்காலில் முறைத்தண்ணி வருகிற வாரத்தில் மடையை அடைத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

என் பெரியப்பாவுக்கு இப்போது இரண்டாம் மாதம் ஓடுகிறது. வலது பக்கம். மஞ்சள் காடு வைத்திருப்பவர். நடை வந்துவிட்டது, கைதான் வரவில்லை. இந்தக் காலத்தை வீணாக்காமல் என்ன செய்யலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

அந்தியூர் சந்தை:

அண்ணா, நல்ல இழை. ஆனால் 72 பேரை நாலு குழுவாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு 18 பேர் சுமாருக்குத்தான் வருவார்கள். அதுவும் அமெரிக்காவில். அதை வைத்து நம்ம பெரியவர்களை வதைக்கலாமா?

இந்தியாவிலேயே பெரிய ஆய்வு நடந்திருக்கிறதுங்க. அட்டெண்ட் என்று பெயர், 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியனும் சிட்னியின் ரிச்சர்ட் லிண்ட்லியும் முன்னின்று நடத்தினார்கள். பாண்டியன் பிற்பாடு உலகப் பக்கவாத அமைப்புக்கே தலைவராக வந்தவர். நாடு முழுக்க 14 மருத்துவமனை, 1250 நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்கு அதோடு வீட்டாருக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்து, ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து வீட்டிலும் இரண்டு மாதம் வரை செய்ய வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் அடுத்தவர் துணையில் வாழ்பவர்களும் எத்தனை பேர் என்று பார்த்தால் இந்தப் பக்கமும் 47 சதவீதம், அந்தப் பக்கமும் 47 சதவீதம்.

எங்க அம்முச்சிக்கு நாங்கள் குடும்பமே முறை போட்டுச் செய்தோம். அதைப் படித்தபோது நெஞ்சு கனத்துப் போச்சு. வீட்டில் செய்து பயனில்லை என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கொடுமுடி பிசியோ:

அந்தியூர் தம்பி, நீங்கள் சொன்ன கணக்கு சரி. அந்த ஆய்வை மறைக்காமல் எடுத்து வைத்ததற்கு நன்றி. ஈரோடு, கரூர் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவள் என்ற முறையில் அது என்னையும் ரொம்ப யோசிக்க வைத்தது. ஆனால் அதிலிருந்து 'வீட்டில் செய்து பயனில்லை' என்று எடுத்துக்கொள்ளாதீங்க.

அது சோதித்தது ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டை: தேர்ந்த சிகிச்சையாளர் செய்யும் வேலையைக் குடும்பத்திடம் கற்றுக்கொடுத்து ஒப்படைத்தால் போதுமா என்று. போதவில்லை. அரசாங்கங்கள் இதை நன்றாகக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பேன். மருமகளுக்கு இரண்டு மூன்று நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, இனி நீதான் பிசியோ என்று கைகழுவ முடியாது. அளந்ததும் பெரிய அளவுகோல்: உயிரோடு இருக்கிறாரா, துணை வேண்டுமா. விரல் பித்தான் போடுகிறதா என்பது அந்த அளவுகோலில் தெரியாது. உங்க அம்முச்சிக்குப் புண் வராமல், தோள் இறுகாமல், மனசு விடாமல் பார்த்துக்கொண்டது எந்த 47 சதவீதத்திலும் அடங்காதுங்க.

எத்தனை முறை செய்கிறோம் என்பதும் முக்கியம். 2009-ல் கேத்தரின் லாங் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்க, கனடா மையங்களில் பயிற்சி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார்கள். கையால் ஒரு பொருளை எடுப்பது, வைப்பது மாதிரியான நிஜ வேலை சராசரியாக ஒரு பயிற்சி வேளைக்கு 32 முறைதான் நடந்தது. விலங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளில் ஒரு நாளைக்கு 400, 600 முறை செய்ய வைத்தார்கள். ரண்டால்ஃப் நூடோ 1996-ல் காட்டியது அதைத்தான். மூளையில் கைக்கான இடம் கொஞ்சம் அழிந்த பிறகும், விடாமல் கையை வேலை வாங்கிய குரங்குகளுக்குச் சுற்றியிருந்த பகுதி காப்பாற்றப்பட்டது.

அப்படியென்றால் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனால் சரியாகிவிடுமா? அதையும் லாங் 2016-ல் சோதித்தார். ஆறு மாதம் தாண்டிய 85 பேர். மொத்தம் 3200, 6400, 9600 முறை என்று வெவ்வேறு அளவு. அதிகம் செய்தவர்களுக்கு அதிகப் பலன் என்ற கணக்கு அங்கே வரவில்லை. டிராமரிக் சொல்லும் காலக்கணக்கு இங்கேதான் பொருந்துகிறது. 72 பேர் சின்ன ஆய்வுதான், ஆனால் மற்ற ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு திசை தெரிகிறது. ரொம்ப முன்னாடி அளவு மீறக் கூடாது என்பதற்குக் கால் பக்கமும் சாட்சி இருக்கிறது. ஜூலி பெர்ன்ஹார்ட் நடத்திய அவெர்ட் ஆய்வில் 2104 பேர். 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிக நேரம் நடக்க வைத்த குழுவில் நன்றாகத் தேறியவர்கள் 46 சதவீதம், வழக்கமான குழுவில் 50. ஐசியூ வாசலில் நின்றுகொண்டு 'இன்னைக்கே நடக்க வையுங்க' என்று நர்ஸிடம் கோபப்படும் சொந்தக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும்.

சரி, பெரியப்பாவுக்கு வருவோம். கையில் கொஞ்சமாவது அசைவு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு அம்மாவிடம் செய்ததை அப்படியே எழுதுகிறேன். கடலைக்காய் தொலித்தே பழகின கை. அவரை முக்காலியில் உட்கார வைத்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி பார்த்துக்கொண்டேன். முன்னால் மேசை. ஒரு தட்டில் கடலைப்பருப்பு, பக்கத்தில் டம்ளர். எடுத்துப் போடச் சொன்னதும் தோள் காது வரைக்கும் ஏறியது, உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்தது, விரல் மூடியே இருந்தது. அப்படிச் செய்தால் வேலை செய்வது இடுப்புதான், கை இல்லை. தட்டைக் கிட்டத்தில் நகர்த்தினேன். முழங்கைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். பருப்புக்குப் பதிலாகத் தொலியோடு இருக்கும் பெரிய கடலைக்காயை வைத்தேன். பெருவிரல் லேசாகத் திறந்தது. அதில் இருந்து ஆரம்பித்தோம். கை பழகப் பழக டம்ளரைத் தள்ளித் தள்ளி வைத்தோம், துண்டை எடுத்தோம், கடைசியில் பருப்புக்கு வந்தோம். எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, ஒரு டம்ளர் நிறைந்தால் நூறைத் தாண்டிவிடும். கஷ்டத்தை ஒரு படி ஏற்றுவதும் இறக்குவதும்தான் சிகிச்சையாளரின் வேலை. நான் போகாத நாளில் டம்ளரை நிறைப்பது வீட்டாரின் வேலை. இப்படி இரண்டும் சேர வேண்டும்.

செய்யக் கூடாததும் உண்டு. வேப்பமரத்தில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து விழுந்த கையை மேலே தூக்குவதைப் பாதி வீட்டில் பார்க்கிறேன். தயவுசெய்து அவிழ்த்துவிடுங்க. பிடிமானம் இல்லாத தோளில் அது வலியைக் கொண்டுவரும், அமெரிக்க வழிகாட்டுதலும் வேண்டாம் என்கிறது. எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீங்க. ஸ்பாஞ்சுப் பந்தைக் காலையில் இருந்து பொழுதுவரைக்கும் அமுக்கச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. முக்கால்வாசிப் பேருக்கு விரலை மூடத் தெரியும், திறக்கத்தான் வராது.

பல்லடம் மருமகள்:

நொய்யல்கரை அண்ணன் எழுதிய அந்த ஒரு மண்டலம் எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. மாமனாருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. தறிக்குடோனிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஆளுக்கொரு வைத்தியம். புறா ரத்தம் தேய்த்தால் கை வந்துவிடும் என்று ஒரு பெரியம்மா அழுதே கேட்டார். கடைசியில் ஒரு இடத்தில் எண்ணெய்க் கட்டுப் போட்டு, 48 நாள் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. இங்கிலீஷ் மருந்து சேராது என்று பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம். பிரஷர் ஏறித் தலை சுற்றி மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்னொரு தடவை அடைப்பு வராமல் தப்பித்தது எங்கள் நல்ல நேரம்.

பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிற இடத்தில் மருமகள் இல்லைங்க. அதனால் நான் கேட்டது ஒன்றே ஒன்று: பொழுதோட எண்ணெய் தேய்த்துவிடுங்க, நான் குறுக்கே வரவில்லை, காலையில் இரண்டு மணி நேரம் மாமாவை எனக்குக் கொடுங்க, மாத்திரையை மட்டும் தொடாதீங்க. மாமியார் சரி என்றார். பயிற்சியை வீட்டு வேலையோடு சேர்த்துவிட்டேன். காயும் துணிக்குக் கிளிப் போடுவது, வெங்காயம் தொலிப்பது, சோப்பு டப்பா மூடி திறப்பது. இதே சண்டை உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் மாத்திரையைக் காப்பாற்றுங்க, மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

வெள்ளோடு வாசி:

அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். மருமகள் அக்கா சொன்னதை இங்கே வருகிற எல்லாரும் படிக்க வேண்டும். ஒரு முறை வந்தவருக்கு இன்னொரு முறை வராமல் காப்பது அந்த மாத்திரைகள்தான்.

சென்னிமலை இழை:

எனக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கைத்தறி நெசவு. அறுந்த இழையை முடிச்சுப் போட வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர மாட்டேன் என்கிறது. மணிக்கட்டைத் தூக்க முடிகிறது, டம்ளர் பிடிக்க முடிகிறது. இழை மட்டும் நழுவுகிறது. ஆறு மாதம் தாண்டினால் வித்தியாசம் இல்லை என்று மேலே படித்ததும் ராத்திரி தூக்கம் இல்லைங்க. எனக்கு இனி அவ்வளவுதானா?

கொடுமுடி பிசியோ:

இல்லைங்க அண்ணா, அப்படி நினைக்கவே வேண்டாம். சிபாஸில் கொடுத்தது வெறும் 20 மணி நேரம். ஆறு மாதம் கழித்து அந்த 20 மணி நேரம் போதவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் நிக் வார்ட் என்ற நரம்பியல் மருத்துவர் கைக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் நடத்துகிறார். மூன்று வாரத்தில் 90 மணி நேரம். 2019-ல் 224 பேரின் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கை தெளிவாக முன்னேறியது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் நிலைத்திருந்தது. அதில் ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக்குழு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2006-ல் வந்த எக்சைட் ஆய்வில் அதுவும் இருந்தது. மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேர். நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி விழுந்த கையையே வேலை வாங்கினார்கள், இரண்டு வாரம். ஒரு வருடம் கழித்தும் பலன் இருந்தது. அதில் சேர மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது மேலே தூக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்களுக்கு அது இருக்கிறது.

மெல்லிய இழையில் ஆரம்பிக்காதீங்க. முதலில் சணல் கயிறு, அப்புறம் கோணி ஊசி நூல், அப்புறம் பாவு நூல். விரலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று ஒருவரிடம் சோதித்துக்கொள்ளுங்க. நழுவுவதற்குப் பலமின்மை காரணமா, தொடு உணர்வு காரணமா என்பதைப் பொறுத்துப் பயிற்சி மாறும். உறை மாட்டும் பயிற்சியை மட்டும் தனியாக வீட்டில் ஆரம்பிக்க வேண்டாம், நல்ல கை கட்டியிருக்கும்போது விழுந்தால் ஊன்ற முடியாது.

காங்கேயம் காளை:

நடுவில் ஒரு சந்தேகம். எங்க சித்தப்பாவுக்கு வாய் கோணிக்கொண்டது. மெடிக்கல் ஷாப்பில் நரம்பு ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பக்கவாதத்துக்கும் அதே ஊசிதான் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றா?

வெள்ளோடு வாசி:

ஒன்று இல்லைங்க. பக்கவாதத்தில் கையின் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு உத்தரவு தரும் மூளைப்பகுதி ரத்தம் கிடைக்காமலோ ரத்தக் கசிவாலோ செத்துவிடுகிறது. நரம்பு ஊசி என்று போடும் வைட்டமின் ஊசி அதைத் திருப்பித் தராது. முகவாதம் என்பது முகத்துக்கு வரும் நரம்பே வீங்கிக்கொள்வது. அதற்கு முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2007-ல் வந்த ஆய்வில் அதை எடுத்தவர்களில் 94 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் முழுதாகத் தேறினார்கள், எடுக்காதவர்களில் 82. சர்க்கரை இருந்தால் டாக்டர் பார்த்துத்தான் கொடுப்பார். கண் மூடவில்லை என்றால் ராத்திரி கண்ணைப் பாதுகாக்க வேண்டும்.

முகவாதத்தில் நெற்றியும் சேர்ந்து செயலிழக்கும், அந்தப் பக்கம் புருவத்தைத் தூக்கினால் சுருக்கம் விழாது. வாய் மட்டும் கோணி, நெற்றி நன்றாகச் சுருங்கினால் மூளையைச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் இதை வீட்டில் உட்கார்ந்து முடிவு பண்ணாதீங்க. திடீரென்று வாய் கோணினால், பேச்சுக் குளறினால், கை தொங்கினால் உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்குள்ளும் சீக்கிரம் போகப் போகத்தான் பலன். ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்க. 'கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்' என்பதைக் குறித்துக்கொண்டு போங்க, எல்லா முடிவும் அதை வைத்துத்தான். சித்தப்பாவை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்க.

அந்தியூர் சந்தை:

பிசியோ அக்கா விளக்கியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மலையோரத்து ஊர்களில் வாரம் மூன்று நாள் பிசியோ வைக்க யாருக்கு வசதி? அதற்கும் ஒரு வழி சொல்லுங்க.

கொடுமுடி பிசியோ:

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பது உண்டு, 2021-ல் இருந்து நடக்கிறது. உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்க, டிஸ்சார்ஜ் சம்மரி நகல் கையில் இருக்கட்டும். ஊருக்கு ஊர் வருகிற இடைவெளி மாறும், அதுதான் குறை. இரண்டாம் மூன்றாம் மாத நோயாளிகளுக்கு அடிக்கடி வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். சிபாஸ் மாதிரியான ஆய்வு நமக்குக் கொடுக்கும் ஆயுதம் அதுதான்.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் நன்றிங்க. கப்பியை இன்றைக்கே அவிழ்த்துவிட்டோம். சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தாயிற்று. பெரியப்பாவிடம் 'எந்த வேலை உங்களுக்கு முதலில் வரணும்' என்று கேட்டேன். சட்டைப் பித்தான் என்பார் என்று நினைத்தேன். 'வெத்தலைக்கு நானே சுண்ணாம்பு தடவணும்' என்கிறார். இதை வைத்தே பயிற்சி கொடுக்கலாமா அக்கா?

கொடுமுடி பிசியோ:

தாராளமாக. அவராகக் கேட்ட வேலை என்றால் சலிக்காமல் செய்வார். வெற்றிலையை இடது கையில் பிடிக்கட்டும், தடவுவது வலது ஆள்காட்டி விரல். முதலில் வெற்றிலை வேண்டாம், காலண்டர் தாளைக் கிழித்து மேசையில் ஒட்டிவைத்து அதில் தடவட்டும். பிறகு தாளைக் கையில் பிடித்து, பிறகு வெற்றிலை. சுண்ணாம்புக்குப் பதிலாகக் கொஞ்ச நாளைக்கு வெண்ணெய் வையுங்க. விரலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுண்ணாம்பு தோலைப் பொசுக்கினாலும் அவருக்குத் தெரியாது, அதே விரல் கண்ணுக்குப் போனால் இன்னும் ஆபத்து. சாப்பிடும்போது இருமல் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் போடக் கொடுக்க வேண்டும். புகையிலையும் பாக்கும் மட்டும் சேர்க்க விடாதீங்க.